வர்மப் புத்தகம் கேட்டு வந்தவள்

உம்மு ஹானி நூலக அறிவியலில் முதுகலைப் பட்டம் வாங்கி வந்த அன்று, காயல்பட்டினத்தில் அவள் மாமியார் கேட்டது ஒரே கேள்விதான். "புத்தகத்த எடுத்துக் கையில குடுக்கதுக்கு ரெண்டு பட்டமா புள்ளே?" சவூதியில் தம்மாமிலிருந்து போனில் பேசிய கணவன் நௌஃபலும் சேர்ந்து சிரித்தான். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நூலக அறிவியல் என்றால் தூசி தட்டுகிற படிப்பு என்று நினைப்பவர்கள் ஊரில் பாதிப் பேர். அப்படி ஒரு படிப்பே கிடையாது என்று நினைப்பவர்கள் மீதிப் பேர். உம்மு ஹானி இரண்டு கூட்டத்தோடும் மல்லுக்கு நிற்பதில்லை. தனக்குத் தொழில் தெரியும் என்பதில் அவளுக்குக் கொஞ்சமும் சந்தேகம் கிடையாது. அந்தத் தெம்போடுதான் தினமும் காலையில் தூத்துக்குடி பஸ் ஏறுவாள்.

அவள் வேலை பார்த்தது ஓர் அறக்கட்டளை நடத்தும் நூலகத்தில். கடற்கரைச் சாலைக்கு இரண்டு தெரு உள்ளே, மாடியில் இருந்தது. காலையில் பேப்பர் படிக்கத் துறைமுகத்தில் ஓய்வு பெற்றவர்கள் வருவார்கள். பிறகு அரசுத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் வந்து ஃபேனுக்கு அடியில் இடம் பிடிப்பார்கள். புத்தகம் கொடுத்து வாங்கும் கவுண்டரில் மந்திரமூர்த்தி இருந்தார். இருபது வருஷமாக அதே நாற்காலி. நல்ல மனிதர். ஆனால் உம்மு ஹானியிடம் அவருக்கு ஒரு தீராத மனத்தாங்கல் உண்டு.

"கேட்ட புத்தகம் இருந்தாக் குடுக்கணும், இல்லன்னா இல்லன்னு சொல்லணும்," என்பார். "நீங்க என்னடான்னா பொண்ணு பாக்க வந்தவக மாதிரி உக்கார வச்சு விசாரிக்கீக. புத்தகம் கேக்க வந்தவன் பயந்து ஓடிருவான் மேடம்."

யாரும் ஓடவில்லை என்பது வேறு விஷயம். போன மாதம் ஒருவர் சொத்துரிமைச் சட்டப் புத்தகம் கேட்டு வந்தார். மந்திரமூர்த்தி விட்டிருந்தால் தலையணை கனத்தில் ஒன்றைத் தூக்கிக் கொடுத்து அனுப்பியிருப்பார். உம்மு ஹானி உட்கார வைத்துப் பேசியதில், பக்கத்து வீட்டுக்காரர் கழிவுநீர்க் குழாயை இவர் வாசலில் திருப்பிவிட்டிருக்கிறார் என்பது வெளியே வந்தது. அதற்குச் சட்டப் புத்தகம் எதற்கு? மாநகராட்சியில் யாரிடம் எப்படி எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அவருக்குத் தேவை. வருகிறவர் கேட்பது ஒன்று, அவருக்கு வேண்டியது ஒன்று. முதலாவதைக் கேட்டு இரண்டாவதைக் கண்டுபிடிப்பதற்கு அவள் படிப்பில் ஒரு தாளே உண்டு. அதில் அவள்தான் வகுப்பில் முதல்.

சுஜிதா வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். முப்பது வயது இருக்கும். கழுத்தில் ஜெபமாலை கிடந்தது. இரண்டு காலிலும் இரண்டு வேறு செருப்பு. அதுகூடத் தெரியாமல் நடந்து வந்திருக்கிறாள்.

"வர்மப் புத்தகம் இருக்கா அண்ணாச்சி?"

"சித்த வைத்தியம், சன்னல் பக்கத்து ரேக்கு," என்று மந்திரமூர்த்தி எழுந்துவிட்டார். அதற்குள் உம்மு ஹானியின் கண் அந்தச் செருப்புகளின் மேல் விழுந்திருந்தது.

"கொஞ்சம் இருங்க அண்ணாச்சி," என்றாள். அவர் ஒரு பெருமூச்சு விட்டு உட்கார்ந்தார். சுஜிதாவைத் தன் மேசைக்கு எதிரே உட்கார வைத்து, தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் தள்ளினாள். "வர்மத்துல எதப் பத்திப் பாக்கணும்?"

"காலுக்கு. ரெண்டு காலும் வரல. யூடியூப்ல ஒருத்தரு, முதுகுல ஒரு எடத்துல தட்டுனா காலு வந்துரும்னு சொல்லுதாரு. அந்த எடம் எதுன்னு தெரியணும்."

"யாருக்கு?"

"எங்க வீட்டுக்காரருக்கு. ஜெனிஸ்னு பேரு."

"என்ன ஆச்சு அவருக்கு?"

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாரு."

இதை மட்டும் அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்கிற பிள்ளைபோல் சொன்னாள். மற்றதெல்லாம் தட்டுத் தடுமாறி வந்தது. எக்ஸ்ரே எடுத்தாயிற்று, ஸ்கேன் எடுத்தாயிற்று. எலும்பில் ஒரு கீறல்கூட இல்லை. பக்கத்துத் தெரு நர்சிங் ஹோமில் படுத்திருக்கிறான். ஒன்றுக்கு வராததால் டியூப் போட்டிருக்கிறார்கள். விழுந்த ஆளுக்கு முதுகில் அடியே இல்லாமல் கால் எப்படிப் போகும் என்று டாக்டரும் மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறார்.

ஏன், எதற்கு என்று கேட்டால் ஆள் சுருண்டுவிடும் என்பது உம்மு ஹானிக்குத் தெரியும். நடந்ததைச் சொல்லச் சொன்னால் வாய் தானே திறக்கும். "அன்னைக்கு விடிஞ்சதுல இருந்து என்னென்ன நடந்துச்சு, ஒண்ணொண்ணாச் சொல்லுங்க."

"விடியக்காலந்தான் வீட்டுக்கு வந்தாரு. தோள்பட்ட வலிக்குன்னாரு. மேலெல்லாம் அரிக்குன்னாரு. கட்டஞ்சாயா போட்டுக் குடுத்தேன். வயித்தச் சுத்திக் கயிறு போட்டு இறுக்குன மாதிரி இருக்குளா அப்படின்னாரு. பெறகு எந்திரிச்சி பாத்ரூமுக்குப் போனாரு..."

சுஜிதா சட்டென்று நிறுத்திவிட்டாள்.

"அப்போ வலி முதல்ல. விழுந்தது பெறகு," என்றாள் உம்மு ஹானி.

சுஜிதா ஜெபமாலையை விரலில் சுற்றினாள்.

"என்ன தொழில் பாக்காரு?"

"கடல் தொழிலு."

"மீனா, சங்கா?"

அவ்வளவுதான். சுஜிதாவின் கண்ணில் இருந்து பொலபொலவென்று கொட்டியது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, "யார்ட்டயும் சொல்ல மாட்டீகல்லா?" என்று கேட்டாள்.

"நீங்க இங்கன உக்காந்து கேக்கதும் நான் தேடுததும் இந்த மேசையத் தாண்டிப் போவாது. அது என் தொழில் விதி. ஆனா எங்கிட்டப் பாதிய மறைச்சா, பாதிப் பதில்தான் கிடைக்கும்."

பிறகு எல்லாம் வந்தது. ஜெனிஸ் சங்குகுளிக்கிறவன். சுஜிதாவின் அண்ணன் கிளைட்டனின் வள்ளத்தில் போகிறான். வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து வரும் டியூப்பை வாயில் கடித்துக்கொண்டு கீழே இறங்கி, மணிக்கணக்கில் சங்கு பொறுக்குவார்கள். அன்று இறங்கியது வனத்துறை தடை போட்டிருக்கும் தீவுப் பக்கம். ஆழத்தில் நெடுநேரம் இருந்தவனை, ரோந்துப் படகின் வெளிச்சம் தெரிந்ததும் கயிற்றைப் பிடித்து ஒரே மூச்சில் மேலே இழுத்துவிட்டார்கள். வெளியே தெரிந்தால் வழக்கு வரும், வள்ளம் போகும். அந்த வள்ளத்தை நம்பிப் பல குடும்பம் இருக்கிறது. அதனால் யாரும் மூச்சு விடக்கூடாது என்று கிளைட்டன் எல்லாரிடமும், தங்கச்சியிடமும் சேர்த்து, மாதா மேல் சத்தியம் வாங்கிவிட்டான்.

"இன்னைக்குச் சாயங்காலம் அண்ணன் அவர நர்சிங் ஹோம்ல இருந்து கூட்டிட்டுப் போறான்," என்றாள் சுஜிதா.

"எங்க?"

"கடலுக்கு. மறுபடி கீழ எறக்கப் போறான். எங்காளுக அப்படித்தான் செய்வாக. குளிச்சிட்டு வந்து முட்டி வலி, தோள் வலின்னா, டியூப்பக் கடிச்சிட்டுத் திரும்பவும் எறங்குவாக. வலி போயிரும். ஆனா இவருக்குக் காலே இல்லியே. ஒண்ணுக்கு டியூப்போட எப்படி எறக்குவான்? எனக்குப் பயத்துல ஈரக்கொல நடுங்குது. அதுக்கு முன்னால வர்மத்துல எதாவது செஞ்சி காலு வந்துட்டா, அண்ணன் விட்டுருவான்லா?"

இப்போது கேள்வி முழுசாக உம்மு ஹானியின் கையில் இருந்தது. வர்மமும் இல்லை, வழுக்கி விழுந்ததும் இல்லை. சுஜிதா தன் போனில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள், கீழே விழுந்து கால் வரவில்லை என்று. போனும் விழுந்தவனுக்கான பதிலைத்தான் விதவிதமாகக் கொடுத்திருக்கிறது. அது என்ன செய்யும் பாவம், அதனிடம் யாரும் கடலைப் பற்றிச் சொல்லவில்லை.

உம்மு ஹானி கணினிப் பக்கம் திரும்பினாள். அவள் தேடுவதைப் பார்க்க வேண்டும். மனசில் வந்ததை வாக்கியமாகத் தட்டிவிட்டு, முதலில் வந்ததைக் கும்பிடுகிற ஜாதி அல்ல. இந்த நோய்க்குப் பல பெயர் உண்டு. பாலத்துக்குத் தூண் போட ஆற்றடியில் இறங்கிய கூலிக்காரர்களுக்கு வந்தபோது ஒரு பெயர் வைத்தார்கள். குளியாட்களுக்கு வந்தபோது இன்னொரு பெயர். டாக்டர்கள் இன்று எழுதுவது டீகம்ப்ரஷன் சிக்னஸ், அழுத்தம் சட்டென்று குறைவதால் வருகிற நோய். யார் எந்தப் பெயரில் எழுதியிருந்தாலும் அத்தனையையும் ஒரே தலைப்பின் கீழ் கொண்டுவந்து கட்டிப்போட்டு வைத்திருப்பது நூலகத் தொழில்காரர்கள்தான். அந்தத் தலைப்பைப் பிடித்து மருத்துவக் கட்டுரைகள் சேர்த்து வைத்திருக்கும் தளத்துக்குள் இறங்கினாள். தண்டுவடம் என்று ஒரு வடிகட்டல். டியூப்பில் காற்று வாங்கிக் குளிக்கும் மீனவர்கள் என்று இன்னொரு வடிகட்டல்.

வந்தது. தோள் வலி, அரிப்பு, வயிற்றைச் சுற்றி இறுக்கம், பிறகு கால், பிறகு ஒன்றுக்கு அடைப்பு. சுஜிதா சொன்ன வரிசையிலேயே, எந்தக் கடலிலோ குளித்த எவனுக்கோ நடந்ததை ஒரு டாக்டர் எழுதி வைத்திருந்தார். வைத்தியமும் இருந்தது. முகத்தில் மாஸ்க் போட்டு நூற்றுக்கு நூறு ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். கூடிய சீக்கிரம் அழுத்தம் ஏற்றுகிற சேம்பர் என்ற மூடிய அறைக்குள் வைக்க வேண்டும். தாமதமாகிவிட்டாலும் கைவிடக்கூடாது, சில நாள் கழித்து வந்தவர்களுக்கும் பலன் கிடைத்திருக்கிறது. தண்ணீருக்குள் திரும்ப இறக்குவதைப் பற்றித் தனியாகவே எழுதியிருந்தது. கால் விழுந்தவனைச் சாதாரணக் காற்றோடு இறக்கினால் செத்தே போகலாம் என்பதுதான் அதன் சாரம்.

சேம்பர் எங்கே இருக்கிறது என்று ஓர் இணையப் பட்டியல் சொன்னது. அந்தப் பக்கத்தில் தேதியே இல்லை. தேதி இல்லாத பக்கத்தை உம்மு ஹானி ஒருநாளும் நம்புவதில்லை. முதல் எண்ணுக்குப் போன் போட்டாள். "அந்த மெஷின் போய் ரொம்ப நாளாச்சே," என்றார் அங்கே இருந்தவர். அடுத்தது மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை. இருக்கிறது என்றார்கள். அதோடு விட்டுவிடவில்லை அவள். "ஆறாத புண்ணுக்குக் குடுக்குற அளவா, இல்ல ஆழத்துல குளிச்சவங்களுக்குக் குடுக்குற அளவுக்கு அழுத்தம் வருமா?" என்று கேட்டாள். பிறகு ஒரு டாக்டரே போனை வாங்கிப் பேசினார். வரும், உடனே அனுப்புங்கள், அங்கே பார்க்கிற டாக்டரை என்னோடு பேசச் சொல்லுங்கள் என்றார். நோயாளியின் பெயர் கேட்டார். இப்போது சொல்ல முடியாது என்றாள்.

இவ்வளவையும் சுஜிதாவுக்குப் புரியும்படி சொல்லி முடித்ததும், அவள் எழுந்து நின்றாள். முகத்தில் வெளிச்சம் வந்து, வந்த வேகத்திலேயே அணைந்தது. "அப்போ அவரு கடல்ல குளிச்சத டாக்டர்ட்ட சொல்லணுமா?"

"சொல்லணும். சொல்லாம ஒண்ணும் நடக்காது."

"மாதா மேல சத்தியம் பண்ணிருக்கேன் அக்கா. அண்ணன் வள்ளம் போயிரும். முடியாது." ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு வாசல்பக்கம் போய், அங்கேயே சுவரில் சாய்ந்து நின்றுவிட்டாள்.

கவுண்டரில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மந்திரமூர்த்திக்குப் பொறுக்கவில்லை. மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார். "அந்த நர்சிங் ஹோம் டாக்டரு கிருபாகரன்தான. என் மருமகனுக்குத் தெரிஞ்ச ஆளு. நான் ஒரு போனப் போட்டுச் சொல்லிருதேன்."

"வேண்டாம் அண்ணாச்சி."

"என்னம்மா வேண்டாம்? ஒருத்தன் காலு போவுது, உசுரே போவும் போல இருக்கு. உங்க தொழில் விதியத் தூக்கிக் குப்பையில போடுங்க!"

அவர் சொன்னது உம்மு ஹானிக்குச் சுருக்கென்று தைத்தது. தப்பாக ஒன்றும் சொல்லவில்லையே மனிதர். ஒரு நிமிஷம் அவள் கை போனின் மேல் போய்த் திரும்பியது. ஆனால் யோசித்துப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வந்தது. டாக்டர் போய்க் கேட்பார். சுஜிதா இல்லவே இல்லை என்பாள். கிளைட்டனுக்குச் செய்தி போகும். சாயங்காலம் வருகிறவன் மத்தியானமே வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவான். இன்றைக்கு ஒருத்தி அழுதுகொண்டே திறந்த வாயை, இந்தத் தெருவில் இனி ஒருவரும் இந்த மேசையில் திறக்க மாட்டார்கள்.

"அவளே சொல்லுவா அண்ணாச்சி. சொல்லுத அளவுக்கு அவ கையில சரக்கு வேணும். அதக் குடுக்கதுதான் என் வேலை," என்றாள். "அப்படியும் அவ சொல்லல, அண்ணங்காரன் தூக்கிட்டுக் கெளம்பிட்டான்னா, விதியாவது ஒண்ணாவது. நானே வாயத் தொறந்துருவேன். போதுமா?"

மந்திரமூர்த்தி முணுமுணுத்துக்கொண்டே போய்ப் பிரிண்டரில் தாள் வைத்தார்.

ஒரே பக்கம். தமிழில், பெரிய எழுத்தில். குளித்தவனுக்கு உடம்பில் என்ன நடக்கிறது, டாக்டரிடம் சொல்ல வேண்டியது என்ன, மதுரை டாக்டரின் பெயரும் எண்ணும். பின்னாலேயே டாக்டருக்காக அந்த ஆங்கிலக் கட்டுரை. அதை எடுத்துக்கொண்டு, "நானும் வாரேன், வாங்க," என்று சுஜிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். வேலை நேரத்தில் நூலகர் நூலகத்தை விட்டுப் போவது அந்த அறக்கட்டளையின் சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவை.

நர்சிங் ஹோம் வாசலில் லோடு ஆட்டோ ஒன்று நின்றது. பின்னால் மெத்தை விரித்திருந்தார்கள். சுஜிதா வாசலிலேயே நின்றுவிட்டாள். "அண்ணன் இப்பமே வந்துட்டான் அக்கா!"

கிளைட்டன் மாடிப்படி அடியில் நின்றிருந்தான். ஆஜானுபாகுவான ஆள். கண்கள் தூக்கமில்லாமல் சிவந்து கிடந்தன. தங்கச்சியோடு புர்கா போட்ட பெண் ஒருத்தி வருவதைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கினான். "யாரு ஏளா இது?"

"நூலகத்துல இருக்கேன் அண்ணாச்சி. பேரு உம்மு ஹானி," என்று இவளே முந்திக்கொண்டாள். "உங்ககிட்டத்தான் பேச வந்தேன். டாக்டர்கிட்ட இல்ல."

கிளைட்டன் தங்கச்சியைப் பார்த்த பார்வையில் அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "எல்லாத்தையும் ஒளறிட்டியா?"

"அவகள வையாதீங்க. நீங்க செய்யப் போறது பாதி சரி, அதச் சொல்லத்தான் வந்தேன்."

திட்டப் போகிறாள் என்று தயாராக நின்றவன், இதை எதிர்பார்க்கவில்லை. "என்ன பாதி சரி?"

"திரும்ப அழுத்தத்துக்குள்ள கொண்டு போனா வலி கொறையும்னு உங்க ஆளுக கண்டுபிடிச்சது உண்மதான். டாக்டருங்களும் அதத்தான் செய்யுதாங்க. சோடா பாட்டிலத் திடீர்னு தொறந்தா நொர பொங்குதுல்லா? அப்படித்தான் அவரு ரத்தத்துல காத்து குமிழ் குமிழா வந்து, நரம்புல நிக்குது. அழுத்துனாக் குமிழ் சுருங்கும்."

"பெறகென்ன? எங்கப்பா காலத்துல இருந்து பாத்துட்டு இருக்கோம். புக்கப் படிச்சிட்டு எனக்குக் கடலச் சொல்லித் தாறீகளோ?"

"கடல நான் சொல்லல. ஒண்ணு மட்டும் கேக்கேன். உங்க கம்ப்ரசர் டியூப்ல என்ன வருது?"

"காத்து. வேறென்ன வரும்?"

"அந்தக் காத்துதான் அவரு நரம்புல குமிழா நிக்குது. மறுபடி எறக்குனா, குமிழ் சுருங்கும், வலி போன மாதிரி இருக்கும். ஆனா அதே காத்த இன்னும் உள்ள ஏத்திருவீங்க. மேல வரும்போது முன்னவிட மோசமாப் பொங்கும். முட்டி வலிக்காரன் தாங்கிட்டான், சரி. இவருக்குக் கீழ வச்சி மூச்சு முட்டுனா, கால ஒதறி மேல வர முடியுமா? மதுரைல ஒரு சேம்பர் இருக்கு. தண்ணியே இல்லாத கடல் மாதிரின்னு வச்சிக்கிடுங்க. படுத்த மேனிக்கே அழுத்தம் ஏத்துவாங்க, காத்துக்குப் பதிலா ஆக்சிஜன் குடுப்பாங்க. மணிக்கணக்கா வச்சி, மெல்ல மெல்ல அழுத்தத்தக் கொறைப்பாங்க. நான் பேசிட்டேன். டாக்டர் காத்துட்டு இருக்காரு."

கிளைட்டன் கையை நீட்டினான். தாளை வாங்கினான். பெரிய எழுத்தில் இருந்த வரிகளை உதடு அசையப் படித்தான். ‘ஆழத்தில் இருந்து வேகமாக மேலே வந்தால்’ என்ற வரிக்கு வந்ததும் நின்றுவிட்டான். அதற்கு மேல் அவன் கண் நகரவில்லை.

"நாந்தான் இழுத்தேன்," என்றான். யாரும் கேட்காமலே சொன்னான். "லைட்டு தெரிஞ்சதும் வேற யாரையும் நம்பல. நானே கயிறப் புடிச்சி இழுத்தேன். மச்சான் கீழ இருந்து ரெண்டு வாட்டி கயிற ஆட்டுனான், மெல்லன்னு. எனக்குப் புரிஞ்சிது. புரிஞ்சும் இழுத்தேன்."

படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெரிய உடம்பு மடங்கி உட்கார்ந்தது. கடலுக்குக் கொண்டுபோய் இறக்குவேன் என்று இவன் பிடித்த பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்பது உம்மு ஹானிக்கு அப்போதுதான் விளங்கியது. தான் செய்ததைத் தன் கையாலேயே சரிக்கட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

சுஜிதா அண்ணனைப் பார்த்தாள். அவன் கையில் இருந்த தாளை எடுத்தாள். "மாதாவுக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன்," என்று சொல்லிவிட்டு, இரண்டு வேறு செருப்போடு படியேறினாள். உம்மு ஹானி பேச்சை அவளிடமே விட்டுவிட்டுப் பின்னால் போனாள்.

டாக்டர் கிருபாகரன் வேறொரு நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுஜிதா காத்திருக்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய், "அவரு விழல டாக்டர். கடல்ல குளிச்சாரு," என்றாள்.

டாக்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், எவ்வளவு வேகமாக மேலே வந்தான் என்று கேள்வி மேல் கேள்வியாக வந்தது. சுஜிதாவுக்குத் தெரியாததைப் படியேறி வந்துவிட்ட கிளைட்டன் சொன்னான். நர்ஸ் ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு ஓடினாள். கட்டுரையை இரண்டே பார்வையில் படித்துவிட்டு, டாக்டர் தமிழ்த் தாளில் இருந்த மதுரை எண்ணுக்குப் போன் போட்டார். பேசிக்கொண்டே கிளைட்டனின் முகத்தைக் கவனித்தவர், போனைக் கையால் மூடிக்கொண்டு, "எந்தத் தீவு, எந்தப் பக்கம்னு நான் கேக்கல. எனக்கு ஆழம் மட்டும் போதும். நான் டாக்டர்ப்பா, ரோந்துப் படகு இல்ல," என்றார். அதைக் கேட்டு கிளைட்டன் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

ஆம்புலன்ஸ் கிளம்பும்போது, ஜெனிஸின் முகத்தை உம்மு ஹானி முதல் தடவையாகப் பார்த்தாள். ஆக்சிஜன் மாஸ்க்குக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. வண்டி திரும்பியதும் டாக்டர் அவள் பக்கம் வந்தார். "சேம்பர்ல எவ்வளவு அழுத்தம் வரும்னு கேட்டு வச்சிருக்கீங்களே. நீங்க நர்சிங் படிச்சவங்களா?"

"லைப்ரரி சயின்ஸ்," என்றாள்.

"ஓ," என்றார் டாக்டர். கொஞ்சம் நின்று, "உங்க போன் நம்பர் குடுங்க. எனக்கும் தேட வேண்டியது நிறைய இருக்கு," என்றார். உம்மு ஹானிக்குப் பெருமை பிடிபடவில்லை. அன்று ராத்திரி தம்மாமுக்குப் பேசும்போது முதல் வேலையாக அதைத்தான் சொன்னாள்.

மதுரையில் இருந்து சில நாள் ஒரு செய்தியும் இல்லை. மந்திரமூர்த்தி வெளியே காட்டிக்கொள்ளாமல், போன் மணி அடிக்கும்போதெல்லாம் பாய்ந்து எடுத்தார். ஒருநாள் மத்தியானம் எடுத்தவர், ரிசீவரைக் கையோடு நீட்டினார். "மேடம், மதுரை!"

"அக்கா," என்றாள் சுஜிதா. "டியூப்ப எடுத்துட்டாக. இன்னைக்கு அவரே ஒண்ணுக்குப் போனாரு. போயிட்டு வந்து அழுதாரு அக்கா. அண்ணன் நர்சுக்கெல்லாம் மிட்டாய் வாங்கிக் குடுத்துட்டு இருக்கான்."

உம்மு ஹானி சத்தமாகச் சிரித்துவிட்டாள். தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அவள் படிப்பில் கடைசியாக ஒரு படி உண்டு. தேடிக் கொடுத்ததோடு வேலை முடியாது, வேண்டியது கிடைத்ததா என்று வந்தவரிடமே திரும்பக் கேட்க வேண்டும். தொழிலில் இருக்கிற பலரும் அதைக் கேட்பதில்லை. இல்லை என்று பதில் வந்துவிட்டால், மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டுமே.

"சுஜிதா, நீங்க கேட்டு வந்தது கிடைச்சிதா?"

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"பாதி கிடைச்சிருக்கு அக்கா. வலது காலு அசையுது. இடது காலு இன்னும் வரல. டாக்டரு பாப்போம் பாப்போம்னு மட்டுந்தான் சொல்லுதாரு." குரல் உடைந்து, பிறகு நிமிர்ந்தது. "அதுக்கு என்ன புத்தகம் இருக்கு?"

உம்மு ஹானி நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டுக்கொண்டாள்.

"தேடுவோம்," என்றாள். "இடது பாதத்தத் தொட்டா அவருக்குத் தெரியுதா? முதல்ல அதச் சொல்லுங்க."